அதே மருந்து, அதே டோன்

பேஸ் கிட்டாரைச் செட்டப் செய்பவர்களிடம் வரும் கோரிக்கைகளில் ஒன்று விநோதமானது. நன்றாக ஒலித்துக்கொண்டிருக்கும் கருவியைக் கொஞ்சம் மந்தமாக்கித் தர வேண்டும். பளிச்சென்று பேசும் புதுக் கம்பிகளைக் கழற்றிவிட்டு, தடித்த, மழமழப்பான ஃபிளாட்வவுண்ட் கம்பிகளைப் பூட்ட வேண்டும். பிரிட்ஜை ஒட்டிக் கம்பிகளுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகி, நாதம் நீளாமல் அமுக்க வேண்டும். டோன் குமிழைக் கீழே இறக்க வேண்டும். விரல் வலிக்கும் அளவுக்குக் கம்பிகளை உயர்த்த வேண்டும். அப்புறம் வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே வாசிக்க வேண்டும். இத்தனையும் ஆன பிறகு குட்டையாக, உருண்டையாக, ‘தும்’ என்று ஒரு ஒலி வரும். கேட்டுக்கொண்டிருப்பவர் முகம் மலர்ந்து, “இதுதான்! அதே டோன்!” என்பார். 1960களில் டெட்ராய்ட்டில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த டோன் என்று பொருள்.

கருவி வேறு, கை வேறு, ஊர் வேறு, காலமும் வேறு. ஜேமர்சன் 1983லேயே காலமாகிவிட்டார். பிறகு எதை வைத்து ‘அதே’ என்கிறோம்? இந்தக் கேள்வியைக் கிட்டாரே இல்லாத காலத்தில் இந்தியத் தத்துவவாதிகள் நூற்றாண்டுக் கணக்கில் போட்டு உடைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அதில் இருந்த அக்கறை இசையைப் பற்றியது அல்ல, வேதத்தைப் பற்றியது. அங்கே போவதற்கு முன், பின்பற்றப்படும் அந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பார்த்துவிடுவது நல்லது.

ஜேமர்சன் தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவில் 1936ல் பிறந்தவர். 1950களின் நடுவில் டெட்ராய்ட்டுக்கு வந்து, நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய மர பேஸைக் கற்றுக்கொண்டார். ஜாஸ் விடுதிகளில் வாசித்துத் தேறியவர் மோட்டவுன் நிறுவனத்துக்குள் வந்தார். மேற்கு கிராண்ட் பூல்வார்டில் 2648ஆம் எண்ணுள்ள சாதாரண வீடுதான் அந்த நிறுவனம். உள்ளே இருந்த சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தை வாத்தியக்காரர்கள் பாம்புக்குழி என்று கூப்பிட்டார்கள். சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், ஃபோர் டாப்ஸ், ஸ்டீவி வொண்டர், மார்வின் கே என்று அந்தக் குழியிலிருந்து உலகத்துக்குப் போன பாடல்கள் கணக்கற்றவை. அவற்றில் ஏராளமானவற்றின் அடித்தளம் ஜேமர்சனின் விரல். உறையில் அவர் பெயர் இருக்காது. 1971ல் வந்த மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தொகுப்பில்தான் வாத்தியக்காரர்களின் பெயர்களை மோட்டவுன் முறையாக அச்சிட்டது.

அவரிடம் இருந்தது 1962ஆம் ஆண்டின் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். அதில் லா பெல்லா நிறுவனத்தின் தடித்த ஃபிளாட்வவுண்ட் கம்பிகள். அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். கையின் வியர்வையும் எண்ணெயும் அழுக்கும் கம்பியில் ஏறி ஏறிப் பளிச்சொலியைத் தின்றுவிட்டன. மர பேஸில் பழகிய கை என்பதால் கம்பிகளை உயரமாகவே வைத்திருந்தார். ஒற்றை ஆள்காட்டி விரலால் இழுக்கும் பழக்கமும் அங்கிருந்து வந்ததுதான். அந்த விரலுக்குக் ‘கொக்கி’ என்று பட்டப்பெயர். கூடத்தில் பெரும்பாலும் ஆம்ப் வழியாகக்கூட இல்லை, கருவியிலிருந்து நேரே பதிவு மேசைக்கு வயர்.

அவருக்கு ‘ஜேமர்சன் டோன்’ என்று ஒன்றைப் பிடிக்கும் எண்ணம் இருந்திருக்க முடியாது. மின்சாரப் பலகை ஒன்றிலிருந்து மர பேஸை வரவழைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். லியோ ஃபெண்டர் 1951ல் பிரிசிஷன் பேஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது பிரிட்ஜின் மேல் ஓர் உலோக மூடியைப் பொருத்தினார்; அதற்குள் கம்பிகளை அமுக்கும் மெத்தைத் துண்டு தொழிற்சாலையிலிருந்தே வந்தது. மர பேஸின் சட்டென்று அடங்கும் ஒலிக்குப் பழகிய அன்றைய காதுகளுக்கு அது இணக்கமாக இருந்தது. ஆகவே இன்றைக்கு ஒருவர் கத்தரிக்கோலால் ஸ்பாஞ்சை வெட்டும்போது, ஏற்கெனவே இன்னொன்றைப் போல ஒலிக்க முயன்ற ஒன்றைப் போல ஒலிக்க முயல்கிறார். மூலம் என்று விரல் வைத்த இடமெல்லாம் நகல்.

இனி வேதத்துக்கு வரலாம். மீமாம்சை என்ற தத்துவப் பள்ளியைச் சேர்ந்த மீமாம்சகர்களுக்கு வேதம் யாரும் இயற்றாதது, என்றும் இருப்பது. அப்படியானால் அதன் எழுத்தொலிகளும் என்றும் இருக்க வேண்டும். வாயிலிருந்து வரும் ஒலி மறுகணமே மறைந்துவிடுகிறதே என்று கேட்டால், அவர்கள் காட்டிய சான்று மிக எளிமையானது. காலையில் ஒருவர் ‘க’ என்கிறார், மாலையில் வேறொருவர் ‘க’ என்கிறார். கேட்பவர் தயங்காமல் “இது அதே க” என்று கண்டுகொள்கிறார். எட்டு முறை சொன்னால், எட்டு ‘க’ பிறந்தது என்று யாரும் பேசுவதில்லை. ‘க’வை எட்டு முறை சொன்னார் என்றே பேசுகிறோம். ஆகவே ‘க’ ஒன்றுதான். தொண்டையும் நாக்கும் மூச்சும் அதை உண்டாக்குவதில்லை, வெளிப்படுத்துகின்றன. உரத்த குரல், மெல்லிய குரல், கரகரப்பு எல்லாம் வெளிப்படுத்தும் காற்றைச் சேர்ந்தவை, எழுத்தைச் சேர்ந்தவை அல்ல.

நியாயம் என்ற தர்க்கப் பள்ளியைச் சேர்ந்த நையாயிகர்கள் இதை ஏற்கவில்லை. ஒலி பிறக்கிறது, அழிகிறது என்பது அவர்கள் கட்சி. ‘அதே’ என்று தோன்றும் அறிவு ஒரே பொருளைத்தான் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே இனத்தைக் காட்டினாலும் போதும். 17ஆம் நூற்றாண்டில் விசுவநாதர் தம் ‘நியாய சித்தாந்த முக்தாவளி’யில் இதற்கு மருந்தை உதாரணம் காட்டுகிறார். ஒருவர் சாப்பிட்ட அதே மருந்தைத்தான் இன்னொருவரும் சாப்பிட்டார் என்று உலகம் சொல்கிறது. முதல் ஆள் விழுங்கியது அவர் வயிற்றிலேயே கரைந்துபோனது. இரண்டாவது ஆள் அதை எப்படிச் சாப்பிட முடியும்? ஆனாலும் அந்தப் பேச்சில் பொய் இல்லை. சேர்மானமும் குணமும் ஒன்றாக இருக்கின்றன. அந்த அளவில் அது ‘அதே’.

பேஸ்காரர்கள் தங்களுக்குத் தெரியாமலே இந்த இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நிற்கிறார்கள். டோன் எங்கோ முழுமையாக இருக்கிறது, சரியான மரமும் சரியான பிக்கப்பும் கிடைத்தால் அது இறங்கி வரும் என்று நம்புகிறவர்கள் மீமாம்சகர்கள். (உண்மையான மீமாம்சகர் சிரித்திருப்பார்: நித்தியத்தன்மையை அவர் எழுத்துக்குத்தான் கொடுத்தார். பேரிகை முழக்கம் வெறும் சத்தம். பேஸ் கிட்டாருக்கும் அந்த வரிசையில்தான் இடம் ஒதுக்கியிருப்பார்.) சேர்மானத்தைச் சரியாகக் கொடு, ‘அதே’ தானாக வரும் என்கிறவர்கள் நையாயிகர்கள். இந்தக் கட்டுரையின் சாய்வு இரண்டாவது கட்சியின் பக்கம். ஆனால் அந்தக் கட்சி கேட்கும் விலையையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. மருந்தின் சேர்மானம் முழுவதும் என்னென்ன என்று சொல்லியாக வேண்டும்.

தெரிந்த சேர்மானங்களில் மாயம் எதுவும் இல்லை. பிரிசிஷன் பேஸின் அதிரும் கம்பி 34 அங்குல நீளம். திறந்த ஈ கம்பியின் அடிச்சுரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். அதோடு 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே அதிர்கின்றன. எந்த மடங்கு எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதில்தான் டோனின் பெரும்பங்கு அடங்கியிருக்கிறது. கம்பியை அதன் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு தொலைவில் இழுத்தால் நான்காவது, எட்டாவது மடங்குகள் எழுவதில்லை, ஏனென்றால் அந்த அதிர்வுகள் அசையாமல் நிற்கும் புள்ளியில் விரல் இருக்கிறது. பிக்கப்புக்கும் இதே விதி. அசையாப் புள்ளிக்கு நேர் கீழே காந்தம் இருந்தால் அந்த மடங்கு அதன் காதில் விழாது. பிரிட்ஜ் பக்கம் இழுத்தால் மேல் மடங்குகள் மலிந்து ஒலி மூக்கால் பேசும். கழுத்துப் பக்கம் வந்தால் வயிற்றால் பேசும். டோன் குமிழ் என்பது ஒரு மின்தேக்கி வழியாக மேல் அதிர்வுகளைத் தரைக்கு வடித்துவிடும் மடை. ஃபிளாட்வவுண்ட் கம்பியில் வட்டக் கம்பிக்குப் பதிலாகத் தட்டையான நாடா சுற்றப்பட்டிருப்பதால் மேல் மடங்குகள் சீக்கிரம் சாகும், விரல் உரசும் கிறீச்சொலியும் இல்லை. இன்றும் லா பெல்லா, ஜேமர்சன் பெயரைச் சேர்த்தே ஒரு கம்பி செட்டை விற்கிறது. அதில் ஈ கம்பியின் தடிமன் 0.110 அங்குலம். பழக்கமில்லாத கை அதை அமுக்கும்போது கப்பல் கயிற்றைப் பிடித்த மாதிரி இருக்கும்.

ஸ்பாஞ்ச் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். தடிமன் கூடினால் அது கம்பியைத் தூக்கிவிடும், சுரம் சுருதியிலிருந்து நகரும், ஒலி செத்த கட்டையாகும். மெலிந்தால் ஈ கம்பியை மட்டும் தொட்டு ஜி கம்பியை விட்டுவிடும். கீழ்ச்சுரங்கள் அடங்கி ஒலிக்க, மேற்சுரங்கள் மணியடித்துக்கொண்டிருக்கும். நான்கு கம்பிகளையும் ஒரே அழுத்தத்தில், தொட்டும் தொடாமலும் நிற்க வைக்க வேண்டும். துண்டைப் பிரிட்ஜிலிருந்து அரை அங்குலம் முன்னால் தள்ளினாலே நாதத்தின் ஆயுள் கேட்கும்படி குறையும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் ஒரு மாதிரி, மெத்தையிலிருந்து வெட்டிய துண்டு வேறு மாதிரி. இதைச் செய்து பார்க்கும் ஒருவருக்கு டோன் என்பது தெய்வீக அருள் என்ற எண்ணம் அரைமணி நேரத்தில் போய்விடும். காரணங்களைத் தொட்டால் காரியம் மாறுகிறது.

ஆனால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சேர்மானம் சரியா என்று சோதிக்க மூலத்தோடு ஒப்பிட வேண்டுமே, அந்த மூலத்தைக் கேட்டவர் யார்?

பாம்புக்குழியில் அன்றைக்கு நின்றிருந்த சிலரைத் தவிர அந்தப் பதிவுகளுக்கு ஜேமர்சன் வாசித்த பேஸை அது இருந்தபடி யாரும் கேட்டதில்லை. நேரே மேசைக்கு வயர் போனதால், அந்த அறையில்கூடக் காற்றில் அது முழுதாக இருந்ததில்லை. உலகம் கேட்டது இசைத்தட்டில், வானொலியில், காரில். மோட்டவுன்காரர்கள் அதை நன்றாக அறிந்திருந்தார்கள். கார் ரேடியோவில் பாட்டு எப்படி வரும் என்று சிறிய ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கலவையை முடிவு செய்தார்கள். கையடக்க டிரான்சிஸ்டரின் ஸ்பீக்கர் 41 ஹெர்ட்ஸை எழுப்பாது, 82ஐயும் ஏறக்குறைய எழுப்பாது. பின்னே மக்கள் பேஸைக் கேட்டது எப்படி? 164, 205, 246 என்று சமமான இடைவெளியில் மேல் மடங்குகள் காதில் விழுந்தால், அவற்றுக்குப் பொதுவான 41ஐ மூளை தானே போட்டு நிரப்பிக்கொள்கிறது. ஒலியியலில் இது பழைய செய்தி. அதாவது, லட்சக்கணக்கானோர் மயங்கிய அந்த அடிச்சுரம் அவர்கள் இருந்த அறையில் இல்லவே இல்லை.

நையாயிகர்களுக்கு இது அதிர்ச்சியாக இருந்திருக்காது. மத்தளத்தில் பிறந்த ஒலி காதுக்கு வருவதில்லை என்பது அவர்களுடைய பழைய கொள்கை. அது அடுத்த ஒலியைப் பிறப்பிக்கிறது, அது அதற்கடுத்ததை. நீரில் அலை அலையைத் தள்ளுவது போலக் கடைசியாகக் காதின் வெளியில் பிறக்கும் ஒலியைத்தான் கேட்கிறோம். முதல் ஒலியைக் கேட்டவர் எவரும் இல்லை, வாசித்தவர் உட்பட.

தமிழ்நாட்டில் இதை விளக்க மோட்டவுன் வரை போக வேண்டியதில்லை. இளையராஜாவின் பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸை ஒரு தலைமுறை கேட்டுப் பழகியது டீக்கடை ஸ்பீக்கரிலும், ஓடி ஓடித் தேய்ந்த கேசட்டிலும், பேருந்தின் இரைச்சலுக்கு நடுவிலும்தான். இன்று அந்த வரிகளை அச்சாக வாசிக்கும் இளைஞர்கள் பின்பற்றுவது ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்த ஒலியையா, டேப் தின்றது போக மிஞ்சிய ஒலியையா? பலரிடம் கேட்டால் இரண்டாவதுதான் மனசில் இருக்கும். கேசட்டின் மங்கலும் சேர்ந்துதான் அவர்களுக்கு அந்த டோன்.

காஷ்மீரத்து நாடகக் கோட்பாட்டாளர்கள் இந்த இடத்தை ரொம்பக் கூர்மையாகப் பிடித்திருக்கிறார்கள். நடிகன் ராமனின் உணர்ச்சியை அனுகரணம் செய்கிறான், அதாவது போலச் செய்கிறான், அந்த அனுகரணமே ரசம் என்று ஸ்ரீசங்குகர் சொன்னார். ஓவியக் குதிரையைப் பார்த்துக் குதிரை என்கிறோமே, அது மெய்யறிவும் இல்லை, பொய்யறிவும் இல்லை, ஐயமும் இல்லை, தனி வகை அறிவு என்றார். அபிநவகுப்தரின் ஆசிரியர் பட்ட தௌதர் அதை மறுத்துக் கேட்ட கேள்வி, அபிநவகுப்தரின் நாட்டிய சாஸ்திர உரையான ‘அபிநவபாரதி’யில் பதிவாகியிருக்கிறது. ஒன்றைப் போல இன்னொன்றைச் செய்கிறான் என்று சொல்ல வேண்டுமானால் இரண்டையும் பார்த்திருக்க வேண்டும். ராமனின் மனசைப் பார்த்த பார்வையாளர் யார், நடிகன் யார்? பார்க்காததை எப்படி நகல் செய்ய முடியும்?

பட்ட தௌதரை இன்றைக்கு ஒரு வாத்தியக் கடைக்குக் கூட்டிப்போய், 1960களின் டோன்களை அப்படியே தரும் என்று விற்கப்படும் மென்பொருளைக் காட்டினால் அதே கேள்வியைத்தான் கேட்பார். அவர் கேள்விக்கு இசை உலகத்தில் ஓரளவு பதில் உண்டு, ராமனிடம் இல்லாத ஒன்று ஜேமர்சனிடம் உண்டு: ஒலிநாடா. மோட்டவுனின் பல தட நாடாக்களிலிருந்து பேஸை மட்டும் பிரித்தெடுத்த துண்டுகள் வெளியே உலவுகின்றன. முதல் முறை கேட்பவர் பெரும்பாலும் ஏமாந்துபோவார். எதிர்பார்த்த பட்டு மென்மை அதில் இருக்காது. உறுமல், கரகரப்பு, மேசை தாங்காமல் சற்றே பிளந்த ஓசை. ஸ்பாஞ்சையும் டோன் குமிழையும் வைத்து ஆண்டுக்கணக்காக மழுமழுவென்று தேய்த்துக்கொண்டிருந்தவருக்கு, மருந்தில் சுக்கு இருந்தது என்று அப்போதுதான் தெரியும். டிரான்சிஸ்டரில் அடிச்சுரத்தைக் காதுக்கு உணர்த்திய மேல் மடங்குகளுக்கு அந்தக் கரகரப்பும் பங்களித்திருக்கும்.

இன்னொரு சங்கடம் நோக்கத்தைப் பற்றியது. புகழ்பெற்ற டோன்களில் பல, விரும்பி அடைந்தவை அல்ல. ‘தி ஹூ’ குழுவின் ஜான் என்ட்விசில், 1965ல் ‘மை ஜெனரேஷன்’ பாடலின் தனி பேஸ் பகுதிக்காக டேன்எலெக்ட்ரோ கிட்டாரைத் தேடிப் போனது அதன் மெல்லிய கம்பிகளின் பளிச்சொலிக்காக. கம்பி அறுந்தபோது தனிக் கம்பி கடையில் கிடைக்காததால் புதிய கிட்டாரையே வாங்க வேண்டியிருந்தது என்று அவரே கதையாகச் சொல்வார். வெளிவந்த பதிவில் இருப்பது அந்தக் கருவியும் அல்ல, ஃபெண்டர் ஜாஸ் பேஸ். 1966ல் பீட்டில்ஸின் ‘பேப்பர்பேக் ரைட்டர்’ பதிவில் பால் மெக்கார்ட்னியின் பேஸ் அமெரிக்க இசைத்தட்டுகளைப் போல முன்னால் வர வேண்டும் என்று, ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக் ஒரு லவுட்ஸ்பீக்கரையே மைக்காகத் திருப்பி வைத்துப் பிடித்தார். மெக்கார்ட்னிக்கு ஆதர்சமாக இருந்தவர்களில் ஒருவர், அப்போது அவருக்குப் பெயர்கூடத் தெரியாத ஜேமர்சன். ஜேமர்சனை எட்டிப் பிடிக்கப் போய், யாரிடமும் இல்லாத இன்னொரு டோன் பிறந்துவிட்டது. இன்று அதற்கும் செய்முறைக் குறிப்பு உண்டு.

ஜேமர்சன் கம்பி மாற்றாதது அவருக்குப் பழக்கம். அவரைப் பின்பற்றுகிறவருக்கு அது விரதம். பெட்டியைத் திறந்து புத்தம் புதுக் கம்பியைப் பூட்டிவிட்டு, அது எப்போது ‘சாகும்’ என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் யோசிக்காமல் விட்டதை இன்னொருவர் யோசித்து யோசித்துச் செய்வது எந்த மதத்திலும் நடப்பதுதான். குரு எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாரோ அந்தப் பக்கம் சீடர்களுக்குத் திசையாகிவிடும்.

பௌத்த மரபு, வணங்குவதற்குரியவற்றை மூன்றாகப் பிரிக்கிறது. புத்தரின் உடல் எச்சங்கள், அவர் பயன்படுத்திய பொருட்கள், அவரை நினைவூட்டச் செய்யப்பட்ட உருவங்கள். பேஸ் உலகத்தில் முதலாவதற்கு இடமில்லை, மற்ற இரண்டும் அமோகமாக நடக்கின்றன. புதுக் கருவிகளின் வண்ணத்தைத் தொழிற்சாலையிலேயே உரித்து, துருவேற்றி, ஐம்பது வருடம் வாசித்தது போலத் தேய்த்து, புதியதைவிடக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். அது மூன்றாம் வகை. இரண்டாம் வகையின் வரலாறோ துப்பறியும் கதை மாதிரி இருக்கிறது.

மெக்கார்ட்னி 1961ல் ஹாம்பர்க்கில் ஏறக்குறைய 30 பவுண்டுக்கு வாங்கிய ஹாஃப்னர் வயலின் பேஸ், 1972ல் லண்டன் நாட்டிங் ஹில்லில் ஒரு வேனிலிருந்து திருடு போனது. அரை நூற்றாண்டு கழித்துக் கண்டுபிடிக்கப்பட்டு, அந்தச் செய்தி 2024 பிப்ரவரியில் வெளியானது. அதே ஆண்டு டிசம்பரில் லண்டன் ஓ2 அரங்கில் அதை மேடையேற்றினார். ஜாஸ் பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸின் 1962 ஃபெண்டர் ஜாஸ் பேஸின் கதை இன்னும் சிக்கலானது. ஃபிரெட்டுகள் பிடுங்கப்பட்டு, பள்ளங்கள் நிரப்பப்பட்டு, படகுக்குப் பூசும் எப்பாக்சி பூசப்பட்ட பலகை; அதன் மேல் ரோட்டோசவுண்ட் ரவுண்ட்வவுண்ட் கம்பிகள்; பிரிட்ஜ் பிக்கப்பைத் தூக்கி வைத்து, அதன் பக்கத்திலேயே விரலை வைத்து இழுப்பார். ஃபிரெட்டுகளைப் பிடுங்கியது யார், எப்போது என்பதில் அவரே வேளைக்கு ஒரு கதை சொல்லியிருக்கிறார். 1980களில் அந்தப் பேஸ் துண்டு துண்டாக உடைந்தது. ஒட்டிச் சேர்த்துப் புதிய மரத்தகடு வைத்துச் சரிசெய்தார்கள். 1986ல் நியூயார்க்கில் திருடு போனது. ஜாக்கோ மறு வருடம் இறந்தார். 2006ல் கருவி மறுபடி தலைகாட்டியது. மெட்டாலிகா குழுவின் ராபர்ட் ட்ருஹியோவின் உதவியால், அது யாருக்குச் சொந்தம் என்ற சிக்கல் 2010ல் தீர்ந்தது. பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பலைப் பற்றிக் கிரேக்கர்கள் கேட்ட கேள்வியை இங்கே கேட்கலாம்; ஆனால் ஜாக்கோவின் பெரும் பதிவுகள் 1976, 1977 காலத்தவை, உடைவதற்கு முந்தியவை. கேட்பவருக்குப் பழக்கமான ஒலி, இன்றிருக்கும் அந்தக் கருவியிலிருந்து வந்ததே இல்லை என்றும் ஒருவர் வாதாடலாம். ஜேமர்சனின் பேஸ், அவர் இறப்பதற்குச் சில நாட்கள் முன்னால் களவு போனது. திரும்பவே இல்லை.

அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. காணாமல் போன அந்த ஒரு பேஸ் இல்லாமலே அந்த டோன் உலகமெங்கும் வாசிக்கப்படுகிறது. மருந்து உதாரணம் இங்கே நன்றாகவே நிற்கிறது.

சேர்மானக் கட்சிக்கு எதிராகக் கடைகளிலும் மேடைகளிலும் உரத்துச் சொல்லப்படும் வாதம் ஒன்று உண்டு: டோன் விரலில் இருக்கிறது. கேட்க அடக்கமாக இருக்கும் இந்த வாதம், உண்மையில் ஆன்மாவை மரத்திலிருந்து பிடுங்கி விரலுக்குள் வைக்கிற வேலை. ஜேமர்சனின் விரல் வானத்திலிருந்து வந்ததா? மர பேஸின் முரட்டுக் கம்பிகள் அதை வளர்த்தன. உயர்ந்த கம்பி, விரலை ஆழமாகத் தோண்டச் சொல்கிறது. ஆழமாகத் தோண்டினால் சுரத்தின் முனை தடிக்கிறது. அமுங்கிய நாதம் சீக்கிரம் சாவதால் அடுத்த சுரத்துக்கு இடம் கிடைக்கிறது. அந்த இடத்தில்தான் ஜேமர்சனின் எதிர்த்தாளத் துள்ளல்கள் வந்து உட்கார்ந்தன. கருவி கையைச் செய்தது, கை வரிகளைச் செய்தது. விரலும் சேர்மானத்தில் ஒன்று என்பதே சரி. அந்தச் சேர்மானத்தை மட்டும் கடையில் வாங்க முடியாது, அவ்வளவே வித்தியாசம்.

விரலில்தான் எல்லாம் என்றால் காது அதைத் தவறாமல் கண்டுகொள்ள வேண்டும். நடப்பு அப்படி இல்லை. லாஸ் ஏஞ்சலஸின் புகழ்பெற்ற ஒலிப்பதிவுக் கூடக் கலைஞர் கரோல் கே, சில மோட்டவுன் பாடல்களில் வாசித்தது தான்தான் என்று சொன்னார். டெட்ராய்ட்காரர்கள் அது ஜேமர்சன் என்று மறுத்தார்கள். கே பிக் வைத்து வாசிப்பவர், கம்பிகளுக்கு மேலே ஃபெல்ட் துணியை வைத்து அமுக்குபவர். ஒற்றை விரலுக்கும் பிக்குக்கும் உள்ள வேறுபாடு சின்னது அல்ல. அப்படியும் பல காலம் வாதம் நடந்தது. இரு தரப்பும் கடைசியில் காதை விட்டுவிட்டு ஆவணங்களையும் ஆட்களின் சாட்சியத்தையும் தேடிப் போனார்கள்.

இன்னொரு பக்கம், அந்த விரலின் சொந்தக்காரருக்கு அந்த டோனே பாரமானது. 1972ல் மோட்டவுன் லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம் மாறியது. அந்த ஊரில் பளிச்சென்ற ரவுண்ட்வவுண்ட் ஒலியும் கட்டைவிரலால் அறையும் பாணியும் வேகமாகப் பரவிக்கொண்டிருந்தன. தயாரிப்பாளர்கள் புதிய ஒலியைக் கேட்டார்கள், ஜேமர்சன் பழைய கம்பியை மாற்றவில்லை, அழைப்புகள் குறைந்தன. இன்று அவர் பெயரில் கம்பி விற்கிறார்கள், அன்று அவரிடம் கம்பியை மாற்றச் சொன்னார்கள்.

இந்தக் கதையில் மருந்து உதாரணத்தின் இன்னொரு முனையும் தெரிகிறது. மருந்தை ‘அதே’ என்பதற்குச் சேர்மானம் மட்டும் காரணம் அல்ல, ஒரு நோய்க்கென்று அது கொடுக்கப்படுகிறது. ஜேமர்சன் செட்டப்பைத் தனியறையில் ஹெட்போனில் கேட்டால், பெரும்பாலும் செத்த சத்தம். இதற்கா இவ்வளவு பாடு என்று தோன்றும். டிரம்ஸ், டாம்பரின், பித்தளைக் கருவிகள், மூன்று குரல் என்று எல்லாம் நெருக்கியடிக்கும் பாட்டுக்குள் அதைப் போட்டால், வேறு எதற்கும் இடைஞ்சல் இல்லாமல் கீழே தனக்கென்று ஒரு நடைபாதை போட்டுக்கொண்டு போகும். நாதம் நீளாததால் கிக் டிரம்மின் மேல் வழியாது. மேல் மடங்குகள் அடங்கியிருப்பதால் பாடகரின் மெய்யெழுத்துகளை மறைக்காது. அந்தப் பாட்டுக் கட்டுக்கு அது மருந்து.

ஆகவே குமிழைத் திருகித் திருகி, பழைய இசைத்தட்டோடு ஒப்பிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர், சோதனையை அந்த அறையில் முடித்துவிட முடியாது. அவருக்கு ஒரு டிரம்மரும் ஒரு பாடகரும் தேவைப்படும். ஸ்பாஞ்சைச் செருகி ஒரு முறை, எடுத்துவிட்டு ஒரு முறை என்று ஒரே பாட்டை அவர்களோடு வாசிக்க வேண்டும். எதில் டிரம்மர் தாளத்தைக் குறைவாக அடித்தாலே போதும் என்று உணர்கிறார், எதில் பாடகர் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கிறார் என்று பார்த்துக்கொண்டு, பிறகு டோன் குமிழைத் தொடலாம்.